பனியில் சறுக்கவும் சாதிச் சான்றிதழ் வேண்டுமா?

வருகிற பிப்ரவரியில் நாங்கள் ஐந்து பேர் மணாலிக்குப் போகிறோம். நான், என் இணையர், ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், இரண்டாம் வகுப்பு மகன், அறுபத்து மூன்று வயது அம்மா. மணாலிக்குப் பக்கத்தில் சோலங் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே மூன்று நாள் பனிச்சறுக்குக் கற்றுக்கொள்ளப் போகிறோம். அம்மா சறுக்கப் போவதில்லை. "நான் ஒரு ஓரமா உக்காந்து பாத்துக்கறேன். யாரு மொதல்ல விழறாங்கன்னு சொல்றேன்" என்கிறார்.

செய்தி இவ்வளவுதான். இதைச் சொன்ன நாளிலிருந்து ஆறு மாதமாக எனக்குக் கிடைத்த பதில்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் பதில் அலுவலகத்தில் கிடைத்தது. நான் சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர். எங்களுக்கு நான்காண்டுத் தொகுதிக்கு ஒரு முறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் குடும்பத்தோடு போய்வர விடுப்புப் பயணச் சலுகை உண்டு. எல்.டி.சி. என்போம். ரயில், அரசுப் பேருந்துக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தங்குவது, சாப்பிடுவது, சுற்றிப் பார்ப்பது எல்லாம் நம் கைக்காசு. விண்ணப்பத்தை நீட்டியபோது பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "மணாலியா? ஸ்கீயிங்கா? உங்களுக்கென்னம்மா, எல்லாத்துலயும் கோட்டா" என்று சிரித்தார். எல்.டி.சி.க்கும் இடஒதுக்கீட்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அவரே இரண்டு வருடத்துக்கு முன் இதே எல்.டி.சி.யில் அந்தமான் போய்வந்து ஸ்வீட் கொடுத்தவர். அவர் போனால் அது பணியாளரின் உரிமை. நான் போனால் கோட்டா.

இதற்கு எனக்குக் கோபம் வரவில்லை. இருபது வருடம் கேட்டுப் புளித்த வசனம். கோபம் வந்தது இரண்டாவது பதிலுக்கு. அது நம் வாசிப்பு வட்டத்தில், நான் மதிக்கும் ஒரு தோழரிடமிருந்து வந்தது. "தோழர், நம்ம மக்கள் மலக்குழியில செத்துக்கிட்டிருக்காங்க. இந்த நேரத்துல பனிச்சறுக்கு எல்லாம் கொஞ்சம் மேட்டுக்குடித்தனமா இல்லையா?"

மலக்குழியில் இறங்கச் சொல்வதை 2013 சட்டம் தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பிறகும் சாகிறார்கள். அது கொலை என்று அந்தத் தோழரோடு சேர்ந்து நானும் தெருவில் நின்று கத்தியிருக்கிறேன். ஆனால் அவரிடம் நான் கேட்க நினைத்தது வேறு. மலக்குழிக்கு எதிராக நாம் போராடுவது எதற்கு? அந்த மனிதரின் மகள் என்னவாக வேண்டும் என்று விரும்புகிறோம்? படித்து, வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, அந்தச் சம்பளத்தில் ஒரு நாளாவது ஒரு பயனும் இல்லாமல், யாருக்கும் எதையும் நிரூபிக்காமல், பனியில் விழுந்து சிரித்துவிட்டு வரக்கூடாதா? எங்கள் துக்கத்தை மட்டும் இயக்கத்துக்கு எடுத்துக்கொண்டு, எங்கள் சிரிப்பை மேட்டுக்குடித்தனம் என்று ஒதுக்கி வைப்பது என்ன கணக்கு? பக்கத்து மேசைக்காரரும் தோழரும் எதிரெதிர் முனைகளில் நிற்பவர்கள். ஆனால் என் மகளின் காலில் ஸ்கீ கட்டையைப் பார்த்தவுடன் இருவருக்கும் ஒரே உறுத்தல்தான் வருகிறது.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மகள் கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்தாள். மணாலிக்குப் பக்கத்து புருவா கிராமத்தைச் சேர்ந்த ஆஞ்சல் தாக்கூர் 2018 ஜனவரியில் துருக்கியில் நடந்த போட்டியில் வெண்கலம் வென்றார். பனிச்சறுக்கில் சர்வதேச அளவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. "அம்மா, இது நம்ம பனமட்டை மாதிரியே இருக்கு" என்றாள் மகள். எங்கள் ஊரில் ஏரிக்கரைச் சரிவில் பனைமட்டையில் உட்கார்ந்து சறுக்குவோம். பாவாடை கிழியும், வீட்டில் அடி விழும், மறுநாளும் போவோம். விடுமுறைக்குப் போகும்போது அவளுக்கும் கற்றுக்கொடுத்திருந்தேன். பனையில் சறுக்கியவளுக்குப் பனியில் சறுக்க ஆசை வந்தது. இதில் எங்கே இருக்கிறது மேட்டுக்குடி?

மலை என்ற சொல் எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. என் பாட்டி வால்பாறையில் கொழுந்து பறித்தவர். சமவெளிச் சேரிகளில் பஞ்சத்தில் கிடந்தவர்களுக்குக் கங்காணி முன்பணம் கொடுத்து, கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டு மலையேற்றிப் போன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் அதை 'ரெட் டீ' என்ற நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதைத் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று கொண்டுவந்தார். என் அம்மா அந்த மலையில் ஒரு லைன் வீட்டில் பிறந்தவர். அவருக்கு மலை என்றால் மூடுபனி, அட்டைக்கடி, ஈரம் காயாத கம்பளி, எடை போடும்போது குறைக்கப்படும் கிலோ. தொரைமார் பங்களாவில் புல்வெளி இருந்தது, பந்து விளையாடுவார்கள், வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம் என்று சொல்வார். அவருடைய அறுபத்து மூன்று வருடத்தில் வேலைக்காகவோ, சாவுக்காகவோ, ஆஸ்பத்திரிக்காகவோ இல்லாமல் ஓர் ஊருக்குப் போனது வேளாங்கண்ணிக்கு ஒரே ஒரு முறை. நம் நாட்டின் மலைவாசத்தலங்கள் எல்லாமே இப்படி இரண்டு மலைகளாகத்தான் உருவாக்கப்பட்டன. ஒன்றில் ஓய்வெடுப்பார்கள், இன்னொன்றில் உழைப்பார்கள். அம்மாவை முதல் மலைக்கு அழைத்துப்போக வேண்டும் என்பதுதான் என் திட்டத்தின் ஒரே கொள்கை.

ஓய்வு யார் கொடுத்தது என்பதையும் கொஞ்சம் பேசிவிடலாம். அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்பது அவர் காலத்தில், 1945-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டத்தில் வந்தது. அடுத்த ஆண்டுத் திருத்தத்தில் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. தொழிலாளிக்குக் கூலி மட்டும் போதாது, கூலியோடு சும்மா இருக்கும் நாட்களும் வேண்டும் என்று சட்டத்தில் எழுத வைத்தவரின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, விடுமுறை போவது மேட்டுக்குடித்தனம் என்கிறோம்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன்.

முதலில் சுற்றுலா ஏற்பாட்டாளர்களிடம் விசாரித்தேன். தனியாகப் போவதைவிடக் குழுவாகப் போனால் மலிவு என்றார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு துண்டறிக்கை வந்தது. ஊர் பேர் வேண்டாம். அதில் கொட்டை எழுத்தில் முதலில் இருந்தது பனியும் இல்லை, மலையும் இல்லை. 'ஐயர் சமையல். சுத்த சைவம். சமையல்காரர் உடன் வருவார்.' பல தமிழ்ச் சுற்றுலா அறிக்கைகளில் இந்த வரி இருக்கும், கவனித்திருப்பீர்கள். வடக்கே இதையே 'மகராஜ்' சமையல் என்று விற்கிறார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டிப் போகும்போதும் யார் கை பட்ட சோறு என்பதுதான் முதல் கேள்வி. இமயமலையே எதிரில் நின்றாலும் அதற்கு அடுத்துதான்.

தொலைபேசியில் கேட்டேன். "சார், பிள்ளைங்களுக்குக் குளிர்ல முட்டையாவது கிடைக்குமா?"

"அதெல்லாம் குரூப்ல மத்தவங்களுக்கு ஒத்துவராதும்மா. நீங்க வெளிய போய் சாப்ட்டுட்டு வந்துக்கலாம். பஸ்ல எடுத்துட்டு வரக்கூடாது." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீங்க யாரு?"

பெயரைச் சொன்னேன். அவர் கேட்டது அதை இல்லை என்று எனக்கும் தெரியும். அந்த அமைதியில் ஐந்து பேருக்கான முன்பணம் மிச்சமானது.

அடுத்து நேரடியாக மணாலிப் பக்கத்து வீட்டுத் தங்கல்களை அழைத்தேன். ஹோம்ஸ்டே. விடுதியைவிட வாடகை குறைவு, வீட்டுச் சாப்பாடு, குழந்தைகளுக்கு நல்லது. ஒரு வீட்டுக்காரர் அன்பாகவே பேசினார். ஒரு பெரிய அறை, ஐந்து பேர், ஒரு நாளைக்கு 2,200 ரூபாய், வெந்நீர் உண்டு, அடுப்புக்குத் தனிக் கட்டணம் என்றார். அலுவலகத்தில் ஒட்டிக்கொண்ட என் இந்தி போதுமானதாக இருந்தது. முன்பதிவுக்கு முழுப் பெயர் கேட்டார். சொன்னேன். "இது பெயர். சர்நேம்?" என்றார். முன்னால் ஓர் எழுத்து இருக்கிறது, அது என் அப்பா பெயரின் முதலெழுத்து என்றேன். "சரி, ஆனால் சர்நேம்?"

தோழர்களே, 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கிட்டத்தட்ட நூறாண்டுக்குப் பிறகு, குலுப் பள்ளத்தாக்கில் ஒருவர் என் பெயருக்குப் பின்னால் எதையோ தேடித் துழாவிக் கிடைக்காமல் தவித்ததில் எனக்கு உண்மையாகவே ஒரு குஷி. நம் ஊரில் சாதி ஒழிந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. நம் ஊரில் பெயரைக் கேட்க வேண்டியதில்லை, தெருவைக் கேட்டால் போதும். ஆனாலும் அந்த ஒரு நிமிடம் அவருடைய படிவத்தில் ஒரு கட்டம் காலியாக நின்றது. பெரியார் தொண்டர்கள் எல்லோருக்கும் அதற்காக ஒரு தேநீர் வாங்கித்தர வேண்டும்.

கடைசியில் அவர் நேராகவே கேட்டுவிட்டார். எந்தச் சமூகம். தப்பாக நினைக்க வேண்டாம், வீட்டுக்குள் குலதெய்வ அறை இருக்கிறது, சமையலறை பக்கத்தில் இருக்கிறது, பாட்டி பழைய காலத்து ஆள். எப்போதும் ஒரு பாட்டி இருப்பார். உலகத்துச் சாதிவெறியை எல்லாம் நம் நாட்டில் பாட்டிகள்தான் சுமக்கிறார்கள் போலிருக்கிறது.

அன்றிரவு எனக்கும் என் இணையருக்கும் சண்டை. "கேட்டா ஏதாவது ஒரு பேரைச் சொல்லிட்டுப் போவோம். அஞ்சு நாளு. பிள்ளைங்க சந்தோஷமா இருந்துட்டு வரட்டும். அங்க போயும் போராட்டமா?" என்றார் அவர். அவர் கோழை இல்லை. ஒரு வாடகை வீட்டுக்காகச் சென்னையில் பதினேழு வீட்டுப் படி ஏறியவர். களைத்துப்போனவர். அவர் சொன்னது தப்பு என்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை. பதிலுக்கு ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினேன்.

அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்'. அதை நாம் ஒரு வன்கொடுமை ஆவணமாகத்தான் படிக்கிறோம். இந்த முறை படித்தபோதுதான் பொறி தட்டியது. அது ஒரு பயண நூல். தொடங்குவதே ஒரு குடும்ப விடுமுறையில்தான். 1901 வாக்கில், கோடை விடுமுறைக்கு அப்பா வேலை செய்யும் ஊருக்குப் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். புதுத் துணி, புதுச் செருப்பு, சரிகைத் தொப்பி. முதல் ரயில் பயணத்தின் குதூகலம். மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். அப்பாவுக்குக் கடிதம் போய்ச் சேராததால் அழைக்க யாரும் வரவில்லை. மகர் பிள்ளைகள் என்று தெரிந்தவுடன் நிலைய அதிகாரியின் முகம் மாறுகிறது. எந்த வண்டிக்காரரும் ஏற்ற மாட்டேன் என்கிறார். கடைசியில் ஒரு ஏற்பாடு: இரண்டு மடங்கு கூலி தர வேண்டும், வண்டியையும் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூட நடந்து வருவார். கையில் கூடை நிறையச் சோறு இருந்தும் வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் அந்தப் பிள்ளைகள் அன்றிரவு பட்டினியாகத் தூங்கின.

சிக்கனப் பயணம் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த இரண்டு மடங்கு கூலிதான் நினைவுக்கு வருகிறது. சாதி ஒரு வரி. எல்லோருக்கும் ஒரு விலை, நமக்கு அதற்கு மேல் ஒரு விலை. குழுப் பயணத்தில் சேர முடியாததால் தனியாகப் போகும் செலவு எனக்குக் கூடுகிறது. வீட்டுத் தங்கலில் இடம் கிடைக்காமல் விடுதிக்குப் போனால் அறைக்கு ஆயிரம் கூடுகிறது. இந்த வித்தியாசத்தை எந்தப் பயணக் காணொளிக்காரரும் கணக்கில் காட்டுவதில்லை. அவர்களுக்கு அந்தச் செலவு வந்ததே இல்லை.

அதே நூலில் என் இணையரின் யோசனையும் இருக்கிறது. வெளிநாட்டில் படித்துவிட்டு பரோடாவில் வேலைக்குப் போன அம்பேத்கர் தங்க இடமில்லாமல் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. 1934-இல் தோழர்களோடு எல்லோரா குகைகளைப் பார்க்கப் போன வழியில், தௌலதாபாத் கோட்டைக் குளத்தில் முகம் கழுவியதற்கே தகராறு. விடுமுறை, வேலை, சுற்றுலா என்று எதற்குக் கிளம்பினாலும் சாதி கூடவே கிளம்புகிறது. ஆனாலும் அந்த மனிதர் ஊர் சுற்றிப் பார்ப்பதை விடவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

முதல் அத்தியாயத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். முடிந்ததும் ஒரே கேள்வி கேட்டாள்: "அந்தப் புதுத் தொப்பி என்னாச்சு?" எனக்குப் பதில் தெரியவில்லை.

இமாச்சலம் பற்றி ஒரு வார்த்தை. 'தேவபூமி' என்று விளம்பரம் செய்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே நான்கில் ஒருவர் பட்டியல் சாதியினர். மக்கள்தொகை விகிதத்தில் பஞ்சாபுக்கு அடுத்த இடம். நம் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர். குலுத் திருவிழாவில் பல்லக்கில் வரும் கிராம தெய்வங்களுக்கு முன்னால் மேளமும் கொம்பும் வாசித்துப் போகிறவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதிக் கலைஞர்கள். அதே தெய்வத்தின் கோயில்கள் பலவற்றில் அவர்கள் உள்ளே போக முடியாது. 2018 பிப்ரவரியில் குலு மாவட்டத்தின் ஓர் அரசுப் பள்ளி மாணவர்கள், தேர்வு பற்றிப் பிரதமர் பேசிய நிகழ்ச்சியைப் பார்க்க அழைத்துச் செல்லப்பட்டபோது தலித் பிள்ளைகளைத் தனியே வெளியில், குதிரை கட்டும் இடத்தில் உட்கார வைத்ததாகப் புகார் எழுதினார்கள். நாடு முழுக்கச் செய்தியானது. பறை அடிக்க வேண்டும், கருவறைக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது நமக்குப் புரியாத மொழியா? பனி மட்டும்தான் புதிது.

இதை எழுதும்போதே இன்னொரு பக்கமும் எனக்கு உறைக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவள் இல்லை.

குறைந்த செலவில் பனிச்சறுக்கு என்று தேடினால் கிடைக்கும் காணொளிகளில் பாதிக்கு மேல் பேரம் பேசும் பாடம்தான். அவன் ஆயிரத்து ஐந்நூறு சொன்னால் முந்நூறில் ஆரம்பி. நடந்துபோவதுபோல் பாவனை செய், பின்னாலேயே வருவான். எல்லாம் 'அவன்', 'இவன்'. அந்த 'அவன்' சீசனில் இரண்டு மூன்று மாதம் பனியில் நின்று, ஊர் ஊராக வந்து விழுகிற நம்மைப் போன்றவர்களைத் தூக்கி நிறுத்தி, அதில் வருடம் முழுக்க வீட்டைப் பார்க்கிறவர். நானும் அந்தக் காணொளிகளைக் குறிப்பெடுத்துக்கொண்டு பார்த்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அம்மாதான் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம கங்காணியும் இப்பிடித்தான் பேசுவான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். குறிப்பைக் கிழித்துப் போட்டேன்.

அதற்கு முன் குல்மார்க்கும் பட்டியலில் இருந்தது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் போன ஆரிஃப் கானின் ஊர்ப் பக்கம் அது. அங்கே பயணிகளை மரச்சறுக்கு வண்டியில் உட்கார வைத்து, கயிற்றைப் பிடித்து ஓர் ஆள் பனியில் இழுத்துப் போவார். அதைப் பார்த்த அம்மா, "ஆள ஆளு இழுக்கறதா? எனக்கு வேணாம்" என்றார். நாம் உட்காராவிட்டால் அவருக்கு அன்றைய கூலி இல்லை என்பதும் உண்மை. 1973-இல் தமிழ்நாட்டில் கலைஞர் ஆட்சி கைரிக்‌ஷாவை ஒழித்தபோது இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. ஒழிப்பவர் மாற்றும் தர வேண்டும். சுற்றுலாப் பயணியாகப் போகும் நான் எதை ஒழிக்க முடியும், எதைத் தர முடியும்? எனக்கு இதில் தெளிவான விடை இல்லை.

ஆனால் பனிச் சாலை பற்றித் தெளிவு உண்டு. மணாலியிலிருந்து சோலங், அதைத் தாண்டி 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம், அப்பால் லாகுல், லடாக். இமயத்தில் எல்லைச் சாலை அமைப்பு போடும் சாலைகளில் கல் உடைக்கிறவர்கள், பனி அள்ளுகிறவர்கள், தார் ஊற்றுகிறவர்கள் பெரும் எண்ணிக்கையில் ஜார்கண்ட் மாநிலத்தின் தும்கா பக்கத்திலிருந்து வரும் சந்தாலி ஆதிவாசிகள். பல பத்தாண்டுகளாக இப்படித்தான். 2020 ஊரடங்கில் லடாக்கின் படாலிக் பகுதியில் சிக்கிய 60 தொழிலாளர்களை ஜார்கண்ட் அரசு மே மாத இறுதியில் விமானத்தில் அழைத்து வந்தபோதுதான் அவர்கள் இருக்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரிந்தது. ஆள் எடுப்பதெல்லாம் 'மேட்' எனப்படும் இடைத்தரகர் வழியாக. கூலியில் அவர்கள் கைவைக்கிறார்கள் என்று புகார். இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக ஆள் எடுக்க வேண்டும், கூலி தொழிலாளியின் கணக்கிலேயே போக வேண்டும் என்று அந்த மாநில அரசு வலியுறுத்திய பிறகே அடுத்த ரயில் கிளம்பியது.

மேட் என்ற சொல்லைப் படித்தபோது என் பாட்டியின் கங்காணி அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்ததுபோல இருந்தது. சமவெளிப் பஞ்சம், முன்பணம், மலையேற்றம், குளிர், பிடித்தம். பாட்டியின் மலைக்கும் நான் விடுமுறை போகும் மலைக்கும் கூலிப் பட்டியல் ஒன்றுதான். இப்போது நான் வேலிக்கு உள்ளே புல்வெளியில் நிற்கிறேன்.

அப்படியானால் போக வேண்டாமா? அதைத்தான் தோழர் எதிர்பார்க்கிறார் என்று நினைக்கிறேன். போவேன். நான் போகாமல் இருப்பதால் தும்காக்காரரின் கூலி ஒரு ரூபாய் கூடாது. நான் போவதில் எதைக் குறைப்பேன், எதைக் குறைக்க மாட்டேன் என்பதைத்தான் என்னால் முடிவு செய்ய முடியும். இருபது மாத ஏலச்சீட்டில் எடுத்த கைக்காசு அறுபதாயிரம். ரயிலும் பேருந்தும் எல்.டி.சி.யில் போய்விடும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு, டெல்லியிலிருந்து இமாச்சல அரசுப் பேருந்தில் இன்னோர் இரவு. அம்மாவின் முதுகு தாங்க வேண்டுமே என்பதற்காக டெல்லியில் ஒரு நாள் நிறுத்தம். கம்பளி உடைகளில் பாதி பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழையதாக வாங்கினேன், மீதி மழைக்காலத்தில் கடை போடும் திபெத்தியர்களிடம். சோலங் போகும் வழியில் எண் போட்ட கடைகளில் பனி உடையும் பூட்ஸும் வாடகைக்குத் தருவார்கள். ஓட்டுநர் நிறுத்தும் கடையில்தான் எடுக்க வேண்டுமென்று சட்டமில்லை. பாராகிளைடிங், பனி ஸ்கூட்டர் எல்லாம் வெட்டு. ஏழு நாள் தங்கல் ஐந்து நாளானது. ஸ்கீ சொல்லித்தருபவரின் கூலியில் மட்டும் கை வைப்பதில்லை என்று வீட்டில் தீர்மானம். அவர் சொல்லும் தொகைக்குச் சம்மதம், பேசியபடி முழு நேரமும் சொல்லித்தர வேண்டும். மகன் இந்தத் தீர்மானத்தை வழிமொழிந்தான், ஒரு ஐஸ்கிரீம் நிபந்தனையோடு. பனியில் ஐஸ்கிரீம்.

பொறுமையும் வயதும் இருக்கிற இளைஞர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. 1961-இல் தொடங்கிய அரசு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் ஒன்று மணாலியில் இருக்கிறது. இப்போது வாஜ்பாய் பெயரில். குளிர்காலத்தில் சோலங்கில் பனிச்சறுக்கு வகுப்பு நடத்துகிறார்கள். குல்மார்க்கிலும் மத்திய சுற்றுலாத் துறையின் கீழ் ஒரு பயிற்சி நிறுவனம் உண்டு. தனியாரிடம் அரை மணிக்கு இவ்வளவு என்று கொட்டுவதைவிட முறையாகக் கற்கலாம். நம் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலிருந்து ஆண்டுக்கு இருபது பிள்ளைகளை இப்படி ஒரு வகுப்புக்கு அனுப்பினால் அரசின் கஜானா காலியாகிவிடாது. விடுதியில் கக்கூஸுக்குத் தண்ணீர் வரவில்லை என்று நாம் மனு கொடுப்போம், கொடுத்துக்கொண்டே இருப்போம். அதே மனுவின் இரண்டாம் பக்கத்தில் இதையும் எழுதலாம் என்கிறேன். தண்ணீர் வந்த பிறகுதான் பனி என்று வரிசை போட்டுக் காத்திருந்தால் நம் பிள்ளைகளுக்கு மூட்டுவலி வந்துவிடும்.

தங்க இடம் கிடைத்தது. ஒன்பதாவது அழைப்பில். ஒரு சின்ன விடுதி, மேல்மாடி அறை. அழைத்தவுடன் நானே முதலில் சொல்லிவிட்டேன்: ஐந்து பேர், தமிழ்நாடு, தலித் குடும்பம், முட்டை சாப்பிடுவோம், கறியும் சாப்பிடுவோம், ஏதாவது சிரமம் உண்டா? என் இணையர் பக்கத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அந்தப் பெண் கேட்டார்: "அம்மாவுக்கு மாடி ஏற முடியுமா? முட்டி வலி இருந்தால் சொல்லுங்கள், கீழே அறை மாற்றித் தருகிறேன்."

கீழ் அறையைக் கேட்டிருக்கிறோம். அம்மா நேற்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார், பனியில் அட்டை இருக்குமா என்று. இருக்காது என்றேன். உப்பும் புகையிலையும் எதற்கும் ஒரு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறார்.